டப்பாவை நீட்டுவதற்கு முன் நோயின் பெயரைக் கேளுங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் வட்டாரத்தில் ஜிம் நடத்துகிறவர்களுக்கும், பயிற்சி தருகிற தம்பிகளுக்கும், புரோட்டீன் பவுடர் விற்கிற மெடிக்கல் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அண்ணன்மார்களே, தம்பிகளே, வணக்கம்.

பரீட்சை முடிந்துவிட்டது. இனி இரண்டு மாதம் உங்கள் இடங்களில்தான் கூட்டம். ஒல்லிப் பையன், ஓடினால் விழுகிற பையன், மாடிப்படி ஏறத் திணறுகிற பையன் என்று பெற்றோர் கையைப் பிடித்துக் கூட்டி வருவார்கள். "கொஞ்சம் உடம்பைத் தேத்தி விடுங்க தம்பி" என்பார்கள். அந்தப் பையன்களில் ஒன்றிரண்டு பேருக்கு இருப்பது சத்துக்குறைவு கிடையாது, தசைநோய். பெற்றோருக்கே அது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும், டாக்டர் கைவிரித்த பிறகு, இதையும் பார்த்துவிடுவோமே என்று வந்திருக்கலாம். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

எனக்கு லிம்ப் கர்டில் மஸ்குலர் டிஸ்ட்ரோபி. இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள தசைகள் வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தேய்கிற நோய். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு வந்து டிடிபி வேலை பார்க்கிறேன். இந்தப் பக்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். அதில் ஓயாமல் வருகிற கேள்விகள் இரண்டு: எந்தப் பவுடர் வாங்கலாம், எந்தப் பயிற்சி செய்யலாம். மதுரைக்குப் போய் நரம்பியல் டாக்டரைப் பார்ப்பது எப்போதாவது நடக்கிற காரியம். உங்கள் கடை தெருமுனையில் இருக்கிறது. ஆகவே இந்த இரண்டு கேள்விகளுக்கும் எங்கள் ஆட்களுக்கு முதலில் பதில் சொல்கிறவர்கள் நீங்கள்தான்.

உங்கள் தொழிலின் அடிப்படை விதி எனக்கும் தெரியும். தசையை வருத்தினால் நுண்ணிய கிழிசல்கள் விழும். ஓய்வில் அவை ஆறும்போது தசை முன்னைவிடத் தடிக்கும். நல்ல தசைக்கு இது சரி. டுஷேன், பெக்கர் என்ற இரண்டு தசைத் தேய்வு நோய்களில் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இல்லாமலோ குறையோடோ இருக்கும். தசை இழையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாங்கிப் பிடிப்பது அந்தப் புரதம்தான். அது இல்லாத தசையை வருத்துவது, நைந்துபோன கண்டாங்கிச் சேலையை முறுக்கிப் பிழிகிற கதை. ஆறுகிற வேகத்தைவிடக் கிழிகிற வேகம் அதிகம். கடைசியில் தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அதிலும் கெடுதல் அதிகம் செய்வது எடையைத் தூக்குவதைவிட இறக்குவது. பாரத்தைத் தாங்கிக்கொண்டே தசை நீளும்போதுதான் சவ்வு அதிகம் கிழிகிறது. டம்பெல்லை மெதுவாக இறக்குவது, ஸ்குவாட்டில் கீழே போவது, படியிறங்குவது, குதிப்பது எல்லாம் இந்த வகை. "இறக்கும்போது மெதுவா, மெதுவா" என்று மற்றவர்களுக்கு நீங்கள் சொல்கிற நல்ல அறிவுரை எங்களுக்கு நேர்மாறாகப் போய்விடும்.

எங்கள் குழுவில் இருக்கிற ஒரு தாய் சொன்னதைக் கேளுங்கள். மகனைப் பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஒரு ஜிம்மில் சேர்த்துவிட்டார். பையனின் கெண்டைக்கால் நல்ல உருண்டு திரண்டு இருக்கும். பயிற்சியாளர் அதைத் தட்டிப் பார்த்து, "கால் ஏற்கெனவே ரெடி, மேலேதான் ஏத்தணும்" என்று மற்றவர்களுக்கும் காட்டியிருக்கிறார். தரையில் உட்கார்ந்து எழச் சொன்னபோது பையன் முதலில் குப்புறத் திரும்பி, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே கைவைத்து ஏறுகிறவன் போல எழுந்தான். "கையை எடு, கையை எடு" என்று சத்தம். கையை எடுக்கவைத்து ஸ்குவாட் போடவைத்தார்கள். மறுநாள் காலையில் சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனது. ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். பெக்கர் என்பது அதற்கப்புறம்தான் தெரியவந்தது.

அந்த ஜிம் எது என்று எழுதப்போவதில்லை. அந்தத் தம்பிக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அவர் கண்முன்னால் இரண்டு அடையாளங்கள் இருந்தன. தொடையில் கைவைத்து எழுவதற்கு மருத்துவத்தில் கவர்ஸ் அடையாளம் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் கவர்ஸ் என்ற லண்டன் மருத்துவர் விவரித்து எழுதியது. பருத்த கெண்டைக்காலும் இந்த நோயின் முகவரிதான். அந்தப் பருமனில் பெரும்பகுதி கொழுப்பும் நாரும். இந்த இரண்டையும் ஒரே பையனிடம் பார்த்தால் தயவுசெய்து ரசீது போடாதீர்கள். தசை சிதைவதைக் காட்டுகிற சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்லுங்கள். சாதாரணமாக இருநூறு அளவில் நிற்கிற எண் டுஷேன் பையன்களிடம் பல ஆயிரங்களில் இருக்கும். பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

லேப் வைத்திருக்கிறவர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற எண்கள் கூடியிருந்தால் உடனே கல்லீரல் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த இரண்டும் தசையிலும் உண்டு. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் அவை ஏறும். ஜிஜிடி என்ற மூன்றாவது எண் சரியாக இருந்து இவை மட்டும் ஏறியிருந்தால் தசையைச் சந்தேகிக்க வேண்டும். கல்லீரல் டானிக் குடித்தே சில வருடங்களைத் தொலைத்த டுஷேன் பிள்ளைகள் உண்டு.

இதையெல்லாம் படித்துவிட்டு, எதற்கு வம்பு, இந்த ஆட்களை உள்ளேயே விடவேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அதுதான் பெரிய பயம். சும்மா உட்கார்ந்திருந்தால் மிச்சமுள்ள தசையும் துருப்பிடிக்கும், எடை ஏறும், மூட்டு இறுகும். 2008இல் டென்மார்க்கில் பெக்கர் நோயாளிகளை 12 வாரத்தில் 50 முறை, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம், மிதமான வேகத்தில் சைக்கிள் மிதிக்கவைத்துப் பார்த்தார்கள். தெம்பு நன்றாகவே கூடியது, சிபிகே ஏறவில்லை. 2013இல் நெதர்லாந்தில் டுஷேன் சிறுவர்களுக்கு மோட்டார் துணையோடு சுற்றும் சைக்கிளில் காலுக்குக் கால் மணி, கைக்குக் கால் மணி, வாரத்தில் ஐந்து நாள் என்று 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி செய்தவர்களின் இயக்கத்திறன் அப்படியே நின்றது, செய்யாதவர்களுக்குக் குறைந்தது. குறையாமல் நிற்பது என்பது உங்களுக்கு ஒன்றுமில்லாத மாதிரி தெரியும். எங்கள் கணக்கில் அது லாபம்.

சரி, எங்களை வைத்து என்ன செய்வது? நிலையான சைக்கிள் போதும், அதுவும் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கிற வகை இருந்தால் ரொம்ப நல்லது. பேச்சு கொடுத்துப் பாருங்கள்: மிதித்துக்கொண்டே தடையில்லாமல் பேச முடிகிற வேகம்தான் எங்கள் எல்லை. மூச்சு வாங்கி வார்த்தை உடைந்தால் குறைக்கச் சொல்லுங்கள். மறுநாள் சாதாரண அலுப்பு இருக்கலாம். அதற்கடுத்த நாளும் வலி நீடித்தாலோ, காலையில் எழும்போது முன்னைவிடத் தளர்ச்சியாக இருந்தாலோ பயிற்சி அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். வரக்காப்பி நிறச் சிறுநீர் வந்தால் ஜிம்முக்கு வரவேண்டாம், நேராக ஆஸ்பத்திரி. "வலிச்சாத்தான் வளரும்" என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறீர்களே, அதை அழிக்கச் சொல்லவில்லை. எங்களைப் பார்த்துச் சொல்லாதீர்கள், போதும்.

நீச்சல் இன்னும் நல்லது. தண்ணீர் எடையைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் நம் ஊரில் ஊருணி குடிப்பதற்கு, கண்மாயில் இறங்கினால் சேறு. பம்புசெட் தொட்டி வைத்திருக்கிற உறவுக்காரர்கள் இருந்தால் அவர்களிடம் நல்லபடியாக நடந்துகொள்ளுங்கள் என்றுதான் எங்கள் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

இனி டப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

தசைநோய், நரம்புத்தசை நோய் என்று ஒரே பேரில் சொன்னாலும் அது ஒரு நோய் கிடையாது. நூற்றுக்கணக்கில் இருக்கிறது, ஒன்றுக்கு மருந்தாவது இன்னொன்றுக்கு விஷம். வெறும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்கார்டில் என்று ஒரு நோய். தசையில் சேமித்த கிளைக்கோஜனை உடைக்க முடியாதவர்கள். பயிற்சிக்குச் சற்று முன்னால் சர்க்கரைத் தண்ணீர் குடித்தால் அவர்களுக்குத் தசைப்பிடிப்பு குறைகிறது, கூடுதல் நேரம் தாங்குகிறார்கள். அதே சர்க்கரைத் தண்ணீரை, பொட்டாசியம் இறங்கிக் கைகால் விழுந்துபோகிற பீரியாடிக் பராலிசிஸ் உள்ளவருக்குக் கொடுங்கள், பிரச்சினை ஆரம்பம். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் கந்தரப்பமும் உக்காரையும் ஒரு பிடி பிடித்துவிட்டு, பந்தல் வேலையும் ஓடியாடிச் செய்துவிட்டு அசந்து தூங்குகிற இளைஞன், விடிகாலையில் காலை அசைக்க முடியாமல் கிடப்பான். மாவுச்சத்து நிறைந்த விருந்தும், கடும் உழைப்புக்குப் பிந்தைய ஓய்வும் அந்த நோயைத் தூண்டிவிடுபவை. காற்று சேஷ்டை என்று மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பமும் உண்டு. ஜிம் முடிந்ததும் நீங்கள் கலக்கித் தருகிற குளுக்கோஸ் அதே வேலையைச் செய்யக்கூடும்.

இளநீரும் அப்படித்தான். பொட்டாசியம் நிறைந்தது. பொட்டாசியம் இறங்குகிறவருக்குப் பிரச்சினை இல்லை. பொட்டாசியம் ஏறினால் தளர்ந்துபோகிற வகை ஒன்றும் இருக்கிறது. அவருக்கு இளநீர் ஆகாது.

மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்கள் காலையில் தெம்பாக வருவார்கள், பொழுது ஏற ஏற இமை தொங்கும், குரல் கம்மும். பயன்படுத்தப் பயன்படுத்தத் தளர்கிற நோய் அது. அவர்களுக்கு மாத்திரை வேலை செய்கிற காலை நேரத்தில் இலேசான பயிற்சி போதும். வெயிலும் ஆகாது. மெடிக்கல் அண்ணன்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: கெண்டைக்கால் பிடிப்புக்கு என்று நீங்கள் எடுத்துத்தருகிற மெக்னீசியம் மாத்திரை மயஸ்தீனியாக்காரரை மோசமாக்கும். சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளும் அப்படியே.

தசை பலத்துக்கு என்று விற்கிற கிரியேட்டின் பவுடர் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லாப் பவுடரையும் நான் திட்டுவதாக நினைக்கவேண்டாம். 2013இல் வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடுகிற அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, மஸ்குலர் டிஸ்ட்ரோபி உள்ளவர்களுக்குக் கிரியேட்டின் கொடுத்தபோது தசை வலிமை சராசரியாக எட்டு சதவீதத்தைச் சற்றே தாண்டிக் கூடியது என்கிறது. சின்ன லாபம்தான், ஆனால் உண்மையான லாபம். அதே தொகுப்பில், மெக்கார்டில் நோயாளிகளுக்கு அதிக அளவில் கொடுத்தபோது வலி கூடியது என்றும் இருக்கிறது. ஆக மறுபடியும், பெயரைக் கேட்டால்தான் டப்பா. இன்னொன்று, கிரியேட்டின் சாப்பிடுகிறவர் சிறுநீரகத்தைப் பார்க்க "கிரியேட்டினின்" என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது வழக்கம். எங்களுக்குத் தசையே குறைவு என்பதால் அந்த எண் இயல்பிலேயே தாழ்ந்து இருக்கும். "நார்மல்" என்று சீட்டில் வந்தாலும் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சிஸ்டாட்டின் சி என்ற வேறொரு பரிசோதனைதான் எங்களுக்குப் பொருத்தம். இதை டாக்டர் பார்த்துக்கொள்வார். நீங்கள் "டெஸ்ட் நார்மல், இன்னொரு டப்பா எடுத்துக்கலாம்" என்று சொல்லாமல் இருந்தால் சரி.

பாலிலிருந்து எடுக்கிற வே புரோட்டீன்? ஒரு கரண்டியில் 24 கிராம் புரதம். நாலு முட்டையில் கிடைப்பது. புரதம் தொட்டுக்கொள்ளாத வீட்டுப் பிள்ளைக்கு உதவலாம். அதனால் டிஸ்ட்ரோஃபின் ஊறாது. கோஎன்சைம் கியூ10, கார்னிடின் எல்லாம் விலை கூடியவை, எங்கள் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு அவை உதவும் என்று உறுதியான நிரூபணம் கிடையாது. சார்கோ மாரி டூத் என்கிற பரம்பரை நரம்பு நோய்க்கு, எலியில் பலித்தது என்று வைட்டமின் சி மீது ஒருகாலத்தில் பெரிய நம்பிக்கை இருந்தது. தினம் 1.5 கிராம் வீதம் இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2011இல் வெளிவந்தது. பலன் இல்லை.

நரம்பு ஊசி என்று போட்டுக்கொள்கிறோமே, சிவப்பு நிற ஊசி, அதில் பி12 இருக்கிறது. பி12 குறைந்தவருக்கு அது தேவை, குறிப்பாகச் சைவ வீட்டுக்காரர்களுக்கு. ஆனால் அதோடு பி6உம் கலந்திருக்கும் வகைகள் உண்டு. பி6 அளவுக்கு மீறி நீண்ட நாள் போனால் அதுவே உணர்வு நரம்புகளைக் கெடுக்கும். ஏற்கெனவே நரம்பு நோய் உள்ளவர் மதமதப்புக்கு ஊசி போட்டு, ஊசியால் மதமதப்பு கூடி, அதற்கு இன்னொரு ஊசி போடுகிற சுழலில் மாட்டிக்கொள்ளலாம்.

பயிற்சிக்கு முன் குடிக்கிற பவுடரை மட்டும் எங்கள் பக்கமே கொண்டுவராதீர்கள். ஒரே கரண்டியில் 200 மில்லிகிராமுக்கு மேல் கஃபீன் இருக்கிற வகைகள் உண்டு. டுஷேனிலும் பெக்கரிலும் இதயமும் தசைதானே, அதுவும் தளரும். மயோட்டோனிக் டிஸ்ட்ரோபி, எமெரி டிரைஃபஸ் என்ற தசைநோய்களில் இதயத்துடிப்பின் ஒழுங்கே தடம்புரளும். பார்க்க நடமாடிக்கொண்டிருப்பவர் திடீரென்று சாயலாம். ஈசிஜி, எக்கோ பார்க்காமல் இவர்களை டிரெட்மில்லில் ஏற்றாதீர்கள்.

வேலை செய்கிறவை எவை என்றால், கவர்ச்சி இல்லாதவை. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் டுஷேன் பிள்ளைகளுக்கு எலும்பு மெலியும். வைட்டமின் டியும் கால்சியமும் அவர்களுக்கு நிஜமாகவே வேண்டும். அந்த ஸ்டீராய்டைப் பற்றி ஒரு விஷயம். பிரெட்னிசோலோன், டெஃப்லசாகார்ட் என்று டாக்டர் எழுதிக்கொடுப்பதை, சில ஜிம்களில் திருட்டுத்தனமாகப் போடுகிற ஊசியோடு சேர்த்துவைத்து, "ஸ்டீராய்டா, உடனே நிறுத்துங்க" என்று ஒரு பயிற்சியாளர் எங்கள் குழுவில் ஒருவரிடம் சொல்லிவிட்டார். பிள்ளை நடக்கிற காலத்தை நீட்டித்துத் தருகிற மாத்திரை அது. திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி கைவிட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

சாப்பாடு அப்பத்தாமார்களின் துறை, உங்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆனாலும் ஒல்லியான பிள்ளையைக் கண்டால் சீயமும் அதிரசமும் ஊட்டுகிற ஊர் இது. ஸ்டீராய்டில் பசி வேறு பிய்த்துக்கொண்டு போகும். ஏறுகிற ஒவ்வொரு கிலோவையும் அந்தத் தேய்ந்த தொடைதான் சுமக்கவேண்டும். உப்புக்கண்டம், வத்தல், ஊறுகாயைக் குறைத்து, கேப்பைக் கூழ், மோர், முருங்கைக்கீரை, முட்டை என்று போனால் பாதிப் பவுடர் செலவு மிச்சம். வாடிக்கையாளரிடம் இதைச் சொல்வது உங்கள் வியாபாரத்துக்கு ஆகாதுதான். தெரிந்தே கேட்கிறேன்.

சட்டமும் இருக்கிறது, மறந்துவிடக் கூடாது. உணவுத் துணைப்பொருள் எதுவும் நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்கக் கூடாது. 2016ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அதைத் தடுக்கிறது. டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருக்கவேண்டும். பக்கவாதத்தையும் நரம்பு நோய்களையும் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மாய வைத்திய விளம்பரத் தடைச் சட்டமே பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறது. பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தெரியாது. லேபிள் இல்லாத லேகியத்தையும் பஸ்பத்தையும் கடையில் வைத்து விற்காதீர்கள். முறையாகச் செய்யாததில் ஈயம் இருந்தால், ஈயமே நரம்பைக் கெடுத்து மணிக்கட்டைத் தொங்கவைக்கும். பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போகிறவர் போகட்டும், அது வேறு.

ஆக, நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் பெயர், வயது, எடைக்குக் கீழே ஒரு வரி: "தசை, நரம்பு நோய் ஏதும் உண்டா, பெயர் என்ன?" மாற்றுத்திறனாளி அட்டை வைத்திருந்தால் வாங்கிப் பாருங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மஸ்குலர் டிஸ்ட்ரோபி தனி வகை, அட்டையிலேயே எழுதியிருக்கும். பெயர் தெரிந்த பிறகு அவருடைய டாக்டரின் சீட்டையோ, பிசியோதெரபிஸ்டின் ஒரு வரிக் குறிப்பையோ கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் வந்ததிலிருந்து பிசியோதெரபிஸ்டுகள் வீட்டுக்கே வருகிறார்கள்; உங்கள் ஒன்றியத்தில் இருப்பவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால் சந்தேகம் வரும்போது கூப்பிடலாம். இன்னும் ஒன்று, "சொந்தத்துல கட்டுனீங்களா?" என்று அந்தத் தாயிடம் கேட்காதீர்கள். டுஷேன் சொந்தத்தில் கட்டியதால் வருகிற நோயே இல்லை. வேறு சில நோய்களில் அந்தப் பேச்சுக்கு இடம் உண்டு. அதை மரபணு ஆலோசகர் தனியாகப் பேசிக்கொள்வார்.

கடைசியாக, இடம். நம் ஊரில் ஜிம் என்றால் பெரும்பாலும் மாடி. மொத்த ஜிம்மையும் இறக்கச் சொல்லவில்லை. கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒரு நிலைச் சைக்கிள், பக்கத்தில் பிடித்து எழக் கைப்பிடியுள்ள உயரமான நாற்காலி, தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் யாராவது ஒருவர் இதைப் போட்டுவிட்டீர்கள் என்றால் எங்கள் குழுவில் தகவல் போட்டு ஆள் அனுப்புவது என் பொறுப்பு. மாதச் சந்தா முழுதாகக் கட்டுகிறோம், தள்ளுபடி வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன், காலை ஆறு மணிக்கு எனக்கு இடம் வேண்டும். அந்த மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள இடத்துக்கு இப்போதே துண்டு போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
கோட்டையூரிலிருந்து உங்கள் வாடிக்கையாளராக விரும்பும் ஒருவன்